எட்டு மாத மறியல்

காப்பார்
2 மார்ச் 2024

தஸ்லீமா அவர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை என் கதவைத் தட்டிவிட்டு அரை மணித்தியாலம் வெளியில் நின்றது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். கதவுக்குக் கீழே இருக்கும் இடைவெளியில் உங்கள் செருப்பைப் பார்த்தபடி உள்ளேதான் இருந்தேன். "பூரணம் அக்கா, தப்பு நடந்து போச்சுக்கா, என்னோட தப்பு" என்று சொல்லிச் சொல்லி அழுதீர்கள். என்ன தப்பு என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் திறந்திருக்க மாட்டேன்.

இரண்டு வருசத்துக்கு முன் நானும் என் மனுசனும் ஜனகாவைக் கூட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் உங்கள் 'நிழற்குடை' அலுவலகத்தின் படியேறி வந்தோம். அகதிகளுக்கு உதவுகிற இடம், தமிழ் தெரிந்த பிள்ளை ஒன்று இருக்கிறது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அவர் தமிழில் சொன்னார், நீங்கள் ஆங்கிலத்தில் எழுதினீர்கள். அகதிக் கார்டு கொடுக்கும் அலுவலகம் முதலில் படித்தது அந்தக் கடதாசியைத்தான். பிறகு அவர்கள் தாங்களே கூப்பிட்டு விசாரித்தார்கள். கடைசியில் வந்த பதிலைப் பக்கத்து வீட்டு வாணி டீச்சர் வாசித்துச் சொன்னார்: "சிறையில் இருந்ததாக இப்போது சொல்கிறார். முதல் வாக்குமூலத்தில் போராட்டத்தில் கலந்துகொண்டதாக மட்டுமே சொன்னார். நம்ப முடியவில்லை."

அந்த வரியால் கார்டு இல்லை. கார்டு இல்லாததால் தெலுக் பங்லிமா காராங் ஃபேக்டரியில் இருந்து மோட்டாரில் வரும்போது ரோட் பிளாக்கில் அவரைப் பிடித்தார்கள். கார்டு இல்லாதவர்களைப் பூட்டி வைக்கிற டிப்போவில் நாலு மாதம் அடைத்து வைத்து, ஒக்டோபரில் பிளேனில் ஏற்றினார்கள். கொழும்பில் இறங்கியதும் யாரோ ஒருவருடைய போனை வாங்கித் தன் அக்காவுக்கு எடுத்திருக்கிறார். "வெளியில வாறன், நில்லுங்கோ" என்றாராம். அவ மறுநாள் மத்தியானம் வரைக்கும் நின்றா. அவர் வரவில்லை. ஐந்து மாதம் ஆகிறது.

என்ன போராட்டம்? பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் தானே மன்னிப்புக் கேட்கிற ஆள் என் கிருபானந்தன். அவர் எந்தப் போராட்டத்துக்குப் போனார்? நீங்கள் என்னத்தை எழுதினீர்கள்?

வாயால் சொல்ல வேண்டாம். நமக்கு நடுவில் வாயால் சொன்னதெல்லாம் நாசமாகப் போனது. போனிலும் வேண்டாம், போனில் வந்ததை அழித்துவிடலாம். காகிதத்தில் எழுதிக் கீழே கையெழுத்து வைத்து, அரிசி கொண்டுவருகிற ராதாகிருஷ்ணன் அண்ணனிடம் கொடுங்கள்.

பூரணம்


கிள்ளான்
9 மார்ச் 2024

அன்புள்ள பூரணம் அக்காவுக்கு,

"என்னலா இது, ரெண்டு பேருக்கும் வாட்ஸ்அப் இல்லையா? நான் என்ன தபால்காரனா?" என்று திட்டிக்கொண்டேதான் ராதாகிருஷ்ணன் அண்ணன் உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். கடிதத்தில் நெத்திலி வாசம் இருந்தது. நீங்கள் வீட்டிலிருந்தே நெத்திலித் தலை கிள்ளிக் கொடுக்கும் வேலை பார்ப்பதாக அவர் சொல்லித்தான் தெரிந்தது. மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். இது நான்காவது. இதிலும் சுற்றி வளைத்தால் நான் மனுஷியே இல்லை.

தப்பு ஒரே சொல்லில். மறியல்.

எங்கள் தாத்தா காலத்தில் தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து வந்த குடும்பம் அக்கா. கிள்ளானில் ஜவுளிக்கடை. எங்களுக்கு மறியல் என்றால் கொடி பிடித்து ரோட்டில் உட்கார்ந்து பஸ்ஸை மறிப்பது. அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டு என்று முப்பத்து நான்கு வயது வரை எனக்குத் தெரியாது.

போன மாதம்தான் தெரிந்தது. எங்கள் அலுவலகத்துக்கு யோகநாதன் அங்கிள் வருவார். ஓய்வு பெற்ற அரசாங்கக் கிளார்க். அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். டேப்லெட்டில் இலங்கைச் செய்தி படித்துக்கொண்டிருந்தவர், "அரசியல்வாதிக்குப் பதினாலு நாள் விளக்கமறியல்" என்று சத்தமாகப் படித்தார். "அரசியல்வாதிக்கு மறியல் பண்ணச் சொல்லியா தரணும் அங்கிள்?" என்றேன் நான். அவர் சிரித்துவிட்டு, "இல்லம்மா, இது ரிமாண்ட். எங்கப்பா ஜெயிலை மறியல்னுதான் சொல்வாரு" என்றார். எனக்குக் கையில் இருந்த டீ கொட்டியதுகூடத் தெரியவில்லை. உடனே கிருபானந்தன் அண்ணனின் ஞாபகம்தான் வந்தது.

வாக்குமூலம் எடுக்கும்போது எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்வது எங்கள் வழக்கம். அந்தப் பதிவைத் தேடி எடுத்துக் கேட்டேன். அப்படியே எழுதுகிறேன். எதையும் மறைக்கவில்லை.

அவர்: "எட்டு மாசம் மறியலில இருந்தனான்."

நான்: "தனியாவா, கூட்டமாவா அண்ணே?"

"அறுபது எழுபது பேர்."

"சாப்பாடெல்லாம்?"

"பாணும் பருப்பும் தந்தவை."

"யாரு ஏற்பாடு பண்ணாங்க?"

இங்கே அவர் லேசாகச் சிரிக்கிறார். "ஆமிக்காரர்தான் பிள்ளை, வேற ஆர்?"

நானும் சிரிக்கிறேன் அக்கா. கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். 'ராணுவத்தின் முன்னிலையில்' என்று எழுதினேன்.

"நீங்களா போனீங்களா?"

"இல்லை. வீட்டை வந்து கூட்டிக்கொண்டு போனவை."

'மற்றவர்கள் அழைத்ததால் கலந்துகொண்டார்' என்று எழுதினேன்.

அவர் ஒவ்வொரு கேள்விக்கும் உண்மையைத்தான் சொன்னார். நான் ஒவ்வொரு பதிலையும் பொய்யாக்கினேன்.

இன்னும் வழி இருக்கிறது. கோப்பை மறுபடி திறக்கும்படி மனைவி கேட்கலாம். உங்களுக்கும் ஜனகாவுக்கும் கார்டு அந்தக் கோப்பிலிருந்துதான் வர வேண்டும். இல்லையென்றால் அடுத்த ரோட் பிளாக்கில் நீங்கள் இரண்டு பேரும்... அதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஏப்ரல் 30 கடைசி நாள். என் தப்பை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எங்கள் பொறுப்பாளர் வள்ளியம்மா அக்கா மொழிபெயர்ப்பு வேலையிலிருந்து என்னை நிறுத்திவிட்டார். அது நியாயம்தான். இப்போது அத்தா கடையில் துணி மடிக்கிறேன். உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

தஸ்லீமா


காப்பார்
16 மார்ச் 2024

தஸ்லீமா,

வாசித்தேன். இரண்டாம் தரம் வாசிக்க ஏலவில்லை.

எட்டு மாதம். யார் எட்டு மாதம் ரோட்டில் உட்கார்ந்திருப்பார்கள் என்று உங்களுக்கு ஒரு நிமிசம் தோன்றவில்லையா? பஸ்கள் எல்லாம் எட்டு மாதம் காத்துக்கொண்டு நின்றனவா? இங்கே உங்கள் டிப்போவில் நாலு மாதம் வைத்திருந்தார்களே, அதையும் கொடி பிடித்த கணக்கில் சேர்த்துவிட்டீர்களா?

அவருடைய இடது கையைப் பார்த்தீர்களா? இரண்டு விரலில் நகம் இல்லை. பிடுங்கின நகம் பேந்து முளைக்கவில்லை. உங்கள் மேசையில் அந்தக் கையை வைத்திருந்தாலே நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆனால் அன்றைக்கு ஜனகா மேசைக்குக் கீழே இருந்தாள். பிள்ளைக்கு முன்னால் அவர் அதைக் கதைக்க மாட்டார். பிள்ளையை வெளியில் கூட்டிக்கொண்டு போங்கோ என்று உங்களில் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அந்தக் குற்றத்தில் பாதி என்னுடையது, அதை நான் உங்கள் தலையில் கட்டவில்லை.

இங்கே நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று கேட்கவில்லை நீங்கள். சொல்கிறேன். பின்னேரம் ஆறு மணிக்கு இந்த ஒழுங்கைக்குள் மோட்டார்சைக்கிள்கள் வரும், ஃபேக்டரி விடுகிற நேரம். அவருடைய மோட்டாருக்கு சைலன்சர் ஓட்டை. அந்த மாதிரி இரைச்சல் ஒன்று வாரத்தில் இரண்டு தரமாவது கேட்கும். ஜனகா எழும்பி கேட்டைத் திறப்பாள். ஒருவரும் இருக்க மாட்டார்கள். அவள் கேட்டை மூடாமல் வருவாள். நானும் மூடச் சொல்வதில்லை. அவருடைய செருப்பு வாசலில்தான் கிடக்கிறது. மழை பெய்தால் எடுத்து உள்ளே வைக்கிறேன், வெயில் வந்தால் திரும்ப வெளியில் வைக்கிறேன். நான் பைத்தியம் இல்லை. யாராவது வந்தால் வீட்டில் ஆம்பிளை இருக்கிறது என்று நினைக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

போன கிழமை ஜனகா கேட்டாள், "அம்மா, அப்பான்ட குரல் எப்பிடி?" ஒன்பது வயதுப் பிள்ளை. என்னால் செய்துகாட்ட முடியவில்லை. குரல் இருந்த போன் டிப்போவில் வாங்கி வைத்தது, திரும்பி வரவில்லை.

கையெழுத்து வைக்க மாட்டேன். கடதாசியில் கையெழுத்து வைத்துத்தான் நாங்கள் இந்த நிலைக்கு வந்தோம். முதல் அங்கே, பிறகு உங்களிடம்.

அந்தக் குரலை மட்டும் தாருங்கள். அவர் உங்கள் பெட்டிக்குள் கதைத்துக்கொண்டிருக்கிறார், எங்கள் வீட்டில் இல்லை. இது என்ன நியாயம்?

பூரணம்


கிள்ளான்
30 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அரிசி மூட்டையோடு ஒரு பழைய போன் வரும். அதில் வேறு எதுவும் இல்லை, பதிவு மட்டும்தான். நாற்பத்தோரு நிமிடம். சார்ஜரும் வைத்திருக்கிறேன். வள்ளியம்மா அக்கா அனுமதித்தார்.

கேட்பதற்கு முன் நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். போன கடிதத்தில் எதையும் மறைக்கவில்லை என்று எழுதினேன். அது பொய். முப்பத்தொன்பதாவது நிமிடத்தை மறைத்தேன்.

வாக்குமூலம் முடிந்ததும் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும், அதுதான் விதி. நான் வாசித்தேன். "எட்டு மாசம் மறியல் போராட்டத்தில கலந்துக்கிட்டீங்க. சரியாண்ணே?" அவர் சொல்கிறார்: "ஓம். சரி பிள்ளை."

தெளிவாகச் சொல்கிறார். இந்தக் கோப்பைப் பார்க்கும் எங்கள் அலுவலக வக்கீல் கேட்டுவிட்டு, "இந்த ஒரு ஓம் போதும், நம்ம வாதம் பாதி போச்சு" என்றார். கார்டு அலுவலகத்துக்குப் பதிவை அனுப்பினால் முழுதாகத்தான் அனுப்ப வேண்டும், வெட்ட முடியாது. முதல் நாள் இதைக் கேட்டபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது அக்கா. அவரே சரி என்று சொல்லிவிட்டாரே, நான் மட்டும் குற்றவாளி இல்லையே என்று. அந்த நிம்மதியை நினைத்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

எட்டு மாதம் என்றபோது தோன்றவில்லையா என்று கேட்டீர்கள். தோன்றியது. 'நாள்' என்பதை வாய் தவறி 'மாசம்' என்கிறாரோ என்று நினைத்தேன். கேட்க வெட்கமாக இருந்தது. தமிழ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று சொல்லித்தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்? புரியவில்லை என்று சொன்னால் என்னவோ குறைந்துவிடும் என்று இருந்தது. என் வெட்கத்துக்கு நீங்கள் விலை கொடுத்தீர்கள்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஜன்னலுக்குக் கீழே கண் தெரியாதவர்கள் கோலைத் தட்டிக்கொண்டு நடப்பார்கள், உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பதிவு முழுக்க அந்தச் சத்தம் கேட்கும். வாசித்துக் காட்டும் இடத்தில் டக், டக் என்று ஒருவர் நடந்து போகிறார், அவர் கடந்ததும் அந்த ஓம் வருகிறது. இப்போது தெருவில் எங்கே கோல் சத்தம் கேட்டாலும் நான் நின்றுவிடுகிறேன், அந்த ஓம் வரும் என்று. வரும் அக்கா. எனக்கு மட்டும் கேட்கும். நோன்பு நாளில் தலை சுற்றுகிறது என்று அம்மா நினைக்கிறார். நேற்று கடையில் ஒரு ஆன்டி சேலையை விரித்துக் காட்டி "இந்தக் கலர் எனக்குச் சரியாம்மா?" என்று கேட்டார். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கையெழுத்துப் போடுங்கள் என்று கெஞ்ச எனக்கு அருகதை இல்லை. இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

தஸ்லீமா


காப்பார்
14 ஏப்ரல் 2024

தங்கச்சி தஸ்லீமா,

இன்றைக்கு வருசப் பிறப்பு. ஜனகாவுக்குப் புதுச் சட்டை இல்லை. அதனால் அப்பாவின் குரலைக் கொடுத்தேன். இரண்டு கிழமையாக ஒளித்து வைத்து நான் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று இரண்டு பேரும் நெத்திலிக் கூடைக்கு நடுவில் இருந்து கேட்டோம்.

நீங்கள் அந்த ஓமுக்குப் பயப்படுகிறீர்கள். அந்த ஓமை எனக்குத் தெரியும். கலியாணம் செய்த ஆறாம் மாதம் அவரைக் கொண்டுபோனார்கள். எட்டு மாதம் கழித்து வந்தவர் வேறு ஓமோடு வந்தார். அங்கே அவருக்குத் தெரியாத பாசையில் ஒரு கடதாசி எழுதி, அதை வாசித்துக் காட்டி "ஹரித?" என்று கேட்பார்களாம். சரியா என்று அர்த்தம். இல்லை என்றார். ஒரு நகம். மறுநாள் திரும்ப வாசித்து, ஹரித? இல்லை என்றார். இன்னொரு நகம். மூன்றாம் நாள் ஓம் என்றார்.

அதற்குப் பிறகு கையில் பேனையோடு யார் சரியா என்று கேட்டாலும் அவருக்கு ஓம்தான். பள்ளிக்கூடத்தில் ஜனகாவின் பிறந்த தேதியைப் பிழையாக எழுதிக் கேட்டார்கள். ஓம் என்றார். ஃபேக்டரியில் பெயரை 'கிருபாகரன்' என்று எழுதினார்கள். ஓம், சரி. நான் எத்தனை தரம் சண்டை பிடித்திருக்கிறேன். சிரித்துக்கொண்டு அந்தக் கையைச் சட்டைப்பைக்குள் வைப்பார். நீங்கள் வாசித்துக் காட்டிச் "சரியாண்ணே" என்று கேட்டீர்கள். அவருக்கு அது வேறு இடத்தில் கேட்டிருக்கும். உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள், அந்த ஓம் உங்களுக்குச் சொன்னதில்லை.

இன்னொன்று. பதினெட்டாவது நிமிசத்தை நீங்கள் சரியாகக் கேட்கவில்லை. மேசைக்குக் கீழே ஜனகாவின் குரல் வருகிறது. "அப்பா, நகம் கீறட்டே?" உடனே நீங்கள், "பாப்பா, அப்பாவ நகத்தால கீறக்கூடாது, வலிக்கும்ல" என்கிறீர்கள். அவர், "இல்லை பிள்ளை, இதுக்கு நோகாது" என்கிறார்.

எங்களுக்குக் கீறுவது என்றால் படம் வரைவது, தங்கச்சி. நீங்கள் கொடுத்த கலர்ப் பென்சிலால் அவள் தகப்பனுடைய விரலில் இல்லாத நகத்தை வரைந்துகொண்டிருந்தாள். அது அவர்களுடைய விளையாட்டு. சிவப்பு நகம், பச்சை நகம். மேலே மேசையில் நீங்கள் போராட்டம் என்று எழுதிக்கொண்டிருக்கும்போது கீழே பிள்ளை உண்மையைக் கீறிக்கொண்டிருந்தது.

அது வந்ததும் ஜனகா எழும்பி நின்றாள். "அது நான்" என்றாள். பிறகு, "அது அப்பா" என்றாள். பிறகு அழுதாள். பிளேன் போன நாளில்கூட அழாத பிள்ளை அது. நான் நெத்திலிக் கையோடு அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்து வைக்கிறேன். வாசித்துக் காட்டி, நான் இல்லை என்று சொல்ல இடம் விட்டு, பிறகு கேளுங்கள்.

பூரணம்


கிள்ளான்
21 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை யோகநாதன் அங்கிள் வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். வக்கீல் பதினெட்டாவது நிமிடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார்.

இத்துடன் பதிவு முழுவதையும் எழுத்தில் வைத்திருக்கிறேன். இடது பக்கம் அவர் சொன்னது, வலது பக்கம் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். 'நோகாது' என்றால் வலிக்காது என்று எழுதியிருக்கிறேன். 'பாண்' என்றால் ரொட்டி. 'பேந்து' என்றால் பிறகு. எதுவும் தெரிந்தது போல நடிக்கவில்லை. சந்தேகம் உள்ள இடமெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன். வெட்கம் இல்லாமல் நிறைய வட்டம்.

ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. முதன்மை மனுதாரரின் இன்றைய நிலை. ஆங்கிலத்தில் நான்கு சொல் கொடுத்திருக்கிறார்கள்: உடன் வசிப்பவர், பிரிந்து வாழ்பவர், இறந்தவர், காணாமல் போனவர். வள்ளியம்மா அக்கா, "காணாமல் போனவர்னு போட்டுடு, வேற என்ன இருக்கு?" என்றார். நான் போடவில்லை. இது உங்கள் சொல், நீங்கள்தான் சொல்ல வேண்டும். 30ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை ராதாகிருஷ்ணன் அண்ணன் வரும்போது பதில் கொடுத்துவிடுங்கள், காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

தஸ்லீமா


காப்பார்
27 ஏப்ரல் 2024

தங்கச்சி,

அண்ணன் வாசலில் நிற்கிறார். "ஆறுதலா எழுதுங்கக்கா, நான் எங்கயும் போகலை லா" என்கிறார். அரிசி மூட்டைக்கு மேல் வைத்து எழுதுகிறேன்.

உங்கள் வட்டங்களுக்குள் எல்லாம் எழுதிவிட்டேன். இரண்டு இடத்தில் பிழை, திருத்தியிருக்கிறேன்.

அந்தக் கட்டம். காணாமல் போக அவர் என்ன வீட்டுத் திறப்பா? திறப்பு என்றால் உங்களுக்குச் சாவி. அவர் தானாகத் தொலையவில்லை. நாலு சொல்லில் ஒன்றும் வேண்டாம். பக்கத்தில் இடம் இருந்தால் இதை எழுதுங்கள்: கூட்டிக்கொண்டு போனவை.

ஆர் கூட்டிக்கொண்டு போனது என்று கேட்பார்கள். கேட்கட்டும். அந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்றுதான் நான் காத்திருக்கிறேன்.

பூரணம்


காப்பார்
10 ஓகஸ்ட் 2024

அன்புள்ள தஸ்லீமாவுக்கு,

கார்டு அலுவலகத்துக்கு விசாரணைக்குப் போன அன்று நீங்கள் வெளியில் படிக்கட்டில் மூன்று மணித்தியாலம் இருந்ததைத் திரும்பி வரும்போதுதான் பார்த்தேன். உங்களை உள்ளே விட மாட்டார்கள் என்று தெரிந்தும் வந்திருக்கிறீர்கள். உங்களோடு நின்று கதைக்க எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. எழுதுவது பழகிவிட்டது. ஆகவே எழுதுகிறேன்.

உள்ளே ஒரு சின்னப் பெண் மொழிபெயர்த்தாள். இந்த ஊர்ப் பிள்ளை. எட்டு மாதம் மறியல் என்று நான் சொன்னதும் அவளுடைய பேனை நின்றது. "அப்படின்னா என்னக்கா? எனக்குப் புரியலை" என்றாள். எனக்கு எழும்பி அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. அவ்வளவு சின்னக் கேள்வி. இரண்டு வருசத்துக்கு முன் யாராவது கேட்டிருந்தால் என் மனுசன் இன்றைக்கு ஆறு மணிக்கு வந்திருப்பார். இதை உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை. ஆனால் எழுதாமல் இருக்கவும் ஏலவில்லை.

முடிவில் வாசித்துக் காட்டினார்கள். சரியா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றேன். திருத்தினார்கள். திரும்பக் கேட்டார். இல்லை. நாலு தரம் இல்லை என்று சொன்னேன். ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் என் இரண்டு கையும் மடிக்குள் ஒளிந்துகொண்டன, நான் சொல்லாமலே. ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. அந்த மனுசன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடித்துத் திருத்தினார், அவ்வளவுதான். ஐந்தாம் தரம் சரி என்றேன்.

நேற்றுக் கடதாசி வந்தது. கோப்பைத் திறந்துவிட்டார்கள். எனக்கும் ஜனகாவுக்கும் தற்காலிகக் கார்டு. காப்பார் பாசார் சந்தைக்கு ஒரு வருசத்துக்குப் பிறகு பகலில் நடந்து போனேன். வந்த கடதாசியில் அவருடைய பெயர் முதல் வரியில் இருக்கிறது, பக்கத்தில் நான் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். அவருடைய அக்காவுக்கு ஒரு செய்தியும் இல்லை. நான் கனவு காணவில்லை. செருப்பு வாசலில்தான் இருக்கிறது.

நீங்கள் இன்னும் துணி மடித்துக்கொண்டிருப்பதாக ராதாகிருஷ்ணன் அண்ணன் சொன்னார். போதும். திரும்பிப் போங்கோ. இனி எங்கள் ஊர் ஆள் ஒருவர் அந்தப் படியேறி வந்து மறியல் என்று சொன்னால், அந்தச் சொல்லுக்குத் திடுக்கிடுகிற ஆள் அங்கே நீங்கள் ஒருத்திதான். வள்ளியம்மா அக்காவுக்கு இதைத் தனியாக எழுதியிருக்கிறேன். மன்னித்தேன் என்று எழுதச் சொல்லாதீர்கள். அந்தச் சொல் என்னிடம் இன்னும் இல்லை. வந்தால் எழுதுகிறேன்.

பின்னேரத்தில் ஜனகாவுக்குப் பதிவைப் போட்டுக் காட்டுவேன். ஆறு மணிக்கு அவள் கேட்டுக்குப் போவதை இப்போது விட்டுவிட்டாள், போனுக்குப் பக்கத்தில் வந்து இருக்கிறாள். முப்பத்தொன்பதாவது நிமிசத்துக்கு முதல் நான் நிறுத்திவிடுவேன். அந்த ஓம் அவளுக்கு வேண்டாம் என்றுதான். இன்றைக்கு என் கை முழுக்க மீன், நிறுத்தப் பிந்திவிட்டேன். கோல் சத்தம் போனது. நீங்கள் "சரியாண்ணே?" என்றீர்கள். அவர், "ஓம். சரி பிள்ளை" என்றார்.

ஜனகா குனிந்து போனுக்குக் கிட்ட வாயை வைத்து, "இல்லை அப்பா, சரியில்லை" என்றாள்.

பூரணம்